பெட்டிக்கு முன் குழியைக் கேளுங்கள்: சவப்பெட்டியும் அஸ்திக் கலயமும் தேர்ந்தெடுக்கும் முறை

தமிழ்நாட்டில் கிறிஸ்தவக் குடும்பங்கள் அடக்கத்துக்குப் பெட்டி வாங்குகின்றன. எரியூட்டும் குடும்பங்கள் அஸ்திக்குக் கலயம் வாங்குகின்றன. இரண்டையும் வாங்கப் போவது பெரும்பாலும் துக்க வீட்டுக்கு முதலில் வந்து சேர்ந்த மைத்துனராகவோ பக்கத்து வீட்டுக்காரராகவோ இருப்பார். மருத்துவமனைப் பிணவறை வாசலிலேயே யாராவது ஒரு கடையின் எண்ணைக் கையில் திணிப்பார்கள். கடைக்காரர் தேக்கைக் காட்டி, ‘பெரியவருக்கு இதுதான் மரியாதை’ என்பார். வாங்க வந்தவருக்கு விலையைக் கேட்கவே கூச்சமாக இருக்கும். அரை மணி நேரத்தில் காரியம் முடிந்துவிடும். பெட்டி குழிக்குள் இறங்காமல் நிற்பதும், கைப்பிடி பாதி வழியில் கழன்று வருவதும், கலயம் சூட்டில் விரிசல் விடுவதும் அந்த அரை மணி நேர அவசரத்தின் விளைவுகள்தான்.

இதைத் தவிர்க்க ஒரே ஒரு ஒழுங்கைக் கடைப்பிடித்தால் போதும் என்பது என் எண்ணம். பெட்டியோ கலயமோ கடைசியாகப் போய்ச் சேரும் இடம் எது என்பதை முதலில் உறுதி செய்துகொண்டு, அங்கிருந்து பின்னோக்கி வர வேண்டும். இடம் தெரிந்தால் அளவு தெரியும். அளவு தெரிந்தால் பொருள் முடிவாகும். அழகும் விலையும் அதற்குப் பிறகு பேச வேண்டியவை. கடைகளில் இந்த வரிசை தலைகீழாக நடக்கிறது.

இஸ்லாமியக் குடும்பங்களில் உடலைக் கஃபன் துணியில் சுற்றி, பள்ளிவாசலுக்குச் சொந்தமான சந்தூக் என்ற பொதுப் பெட்டியில் சுமந்து சென்று, துணியோடு மட்டும் அடக்கம் செய்வதால், அங்கே பெட்டி வாங்கும் கேள்வி எழுவதில்லை. இந்துக்களில் புதைக்கும் வழக்கமுள்ள சமூகத்தாரும் பெரும்பாலும் பாடையோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஆகவே பெட்டியைப் பற்றி இங்கே சொல்வது பெரிதும் கிறிஸ்தவ அடக்கத்துக்குப் பொருந்தும்.

கல்லறைத் தோட்டத்தில் கேட்க வேண்டியவை

கடைக்குப் போகும் முன் பங்குத்தந்தையிடமோ சேகர குருவிடமோ உபதேசியாரிடமோ ஒருமுறை பேசுங்கள். கல்லறைத் தோட்டத்தைப் பராமரிப்பவர் தனியாக இருந்தால் அவரிடமும் பேசுங்கள். சென்னையில் கீழ்ப்பாக்கம், காசிமேடு கல்லறைகளை நிர்வகிக்கும் மெட்ராஸ் செமட்டரீஸ் போர்டு டிரஸ்ட் போன்ற அமைப்புகளுக்கும், ஊர்களில் உள்ள சபைக் கல்லறைகளுக்கும் தனித்தனி விதிகள் இருக்கின்றன. ஓர் ஊரில் ஏற்றுக்கொள்வது அடுத்த ஊரில் செல்லாது.

அவர்களிடம் முதலில் கேட்க வேண்டியது, இது புதுக் குழியா, ஏற்கெனவே குடும்பத்தார் ஒருவர் அடக்கம் செய்யப்பட்ட பழைய கல்லறையைத் திறந்து அதிலேயே வைக்கப் போகிறார்களா என்பது. நகரங்களில் இடம் அருகிவிட்டதால் பழைய குடும்பக் கல்லறையைத் திறப்பதுதான் இப்போது பெருவழக்கு. பழைய கல்லறை செங்கல்லாலோ கான்கிரீட்டாலோ கட்டப்பட்டிருந்தால் அதன் உள்ளளவு மாறப் போவதில்லை. பெட்டிதான் அதற்கு ஏற்ப அமைய வேண்டும். சுவரில் அடுக்கடுக்காகக் கட்டிய அறைகளில் வைப்பதானால் இன்னும் கவனம் வேண்டும். அறையின் வாய் அகலத்தைவிடப் பெட்டி ஒரு விரற்கடை கூடினாலும் உள்ளே போகாது. பக்கவாட்டுக் கைப்பிடிகள் வெளியே நீட்டிக்கொண்டிருப்பதை அளவெடுக்கும்போது பலர் மறந்துவிடுகிறார்கள்.

இரண்டாவது கேள்வி மரத்தைப் பற்றியது. அந்தக் கல்லறையைப் பின்னொரு காலத்தில் மறுபடியும் திறக்கும் எண்ணம் குடும்பத்துக்கு இருந்தால், மண்ணோடு மண்ணாக மக்கிப் போகும் பெட்டிதான் அங்கே தேவை. எத்தனை ஆண்டு இடைவெளிக்குப் பிறகு திறக்கலாம் என்பதற்கு ஒவ்வொரு கல்லறையிலும் ஒரு கணக்கு வைத்திருப்பார்கள். அந்த இடைவெளிக்குள் மக்காத பெட்டி அடுத்தவருக்கு இடம் விடாது. தேக்கு கரையானையும் ஈரத்தையும் தாங்கும் என்று கடைக்காரர் பெருமையாகச் சொல்வது உண்மைதான். கட்டிலுக்கும் கதவுக்கும் அது நல்ல குணம். திறக்க வேண்டிய குடும்பக் கல்லறைக்கு அதே குணம் இடைஞ்சல். உலோகத் தகடு பொதிந்த பெட்டியையும், உட்புறம் முழுவதும் கெட்டியான பிளாஸ்டிக் ஒட்டிய பெட்டியையும் சில கல்லறைகளில் ஏற்கவே மாட்டார்கள்.

மழைக்காலமாக இருந்தால் குழியில் நீர் ஊறுமா என்பதையும் கேட்டுவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் சென்னையிலும் கடலோர ஊர்களிலும் ஆறடி தோண்டுவதற்குள் நீர் ஊறிவிடும். நீர் நிற்கும் குழியில் பெட்டி மிதக்கும். இதைக் கண்ணால் பார்க்காதவர்கள் நம்ப மாட்டார்கள், ஆனால் கணக்கு எளிது: ஆறடிப் பெட்டி ஒன்று முழுதாக மூழ்க வேண்டுமானால் 400 லிட்டரையொட்டிய நீரை அது விலக்க வேண்டும், பெட்டியும் உடலும் சேர்ந்து 120 கிலோதான் இருக்கும். அடக்க ஆராதனை தொடங்கும் முன்பே மோட்டார் வைத்து நீரை இறைத்து வைக்கும்படி குழி வெட்டுபவரிடம் சொல்லி, அதற்கான கூலியையும் பேசிவிடுவது நல்லது. இத்தகைய நாள்களில் மரத்தூளை ஒட்டி அழுத்திய துகள் பலகையில் செய்த பெட்டியை வாங்கவே கூடாது. நனைந்தால் அது உப்பி, திருகாணி பிடித்த இடமெல்லாம் பொடிந்துவிடும்.

அளவு

கடையில் ‘ஆறடிப் பெட்டி’ என்று சொன்னால், அது உள்ளளவா வெளியளவா என்று கேளுங்கள். பலகையின் கனம் இரண்டு பக்கமும் சேர்ந்து ஓரிரு அங்குலத்தைத் தின்றுவிடும். உடலுக்கு உள்ளளவு வேண்டும். குழிக்கு வெளியளவு வேண்டும். இரண்டையும் தனித்தனியாக ஒரு காகிதத்தில் எழுதி வாங்கிக்கொண்டு, வெளியளவைக் குழி வெட்டுபவரிடம் கொடுங்கள். கயிறு விட்டு இறக்கவும் ஆட்கள் கையை எடுக்கவும் சுற்றிலும் சற்று இடம் வேண்டும் என்பதை அவர் பார்த்துக்கொள்வார்.

உடலின் நீளத்தை அடையாள அட்டையிலிருந்தோ நினைவிலிருந்தோ சொல்லாதீர்கள். படுக்க வைத்த உடலில் பாதங்கள் முன்னோக்கிச் சாய்ந்துவிடுவதால், நின்றபோது இருந்த உயரத்தைவிட நீளம் கூடும். தச்சரின் நாடாவாலோ தையல் நாடாவாலோ உச்சந்தலையிலிருந்து விரல் நுனி வரை அளந்து, அதற்கு மேல் மூன்று நான்கு அங்குலம் சேர்த்துச் சொல்லுங்கள். தலைமாட்டில் தலையணை இருக்கும், கால்மாட்டில் பூ இருக்கும்.

அகலத்தில்தான் அதிகம் தவறுகிறார்கள். தோள் அகலத்தை அளந்து சொல்கிறார்கள். ஆனால் கைகளை மார்பின் மேல் கோத்து வைத்தால் முழங்கைகள் தோளைவிட வெளியே வரும். ஆகவே ஒரு முழங்கையிலிருந்து மறு முழங்கை வரை அளப்பதே சரி. தோள் பக்கம் அகன்று கால் பக்கம் குறுகும் ஆறுமுனைப் பெட்டியில், அகன்ற அந்த இடம் முழங்கைக்கு நேராக வருகிறதா என்பதையும் பாருங்கள். பருமனான உடலுக்கும், இறந்து ஒரு நாளுக்கு மேல் ஆகி வீங்கிய உடலுக்கும் நீள்சதுரப் பெட்டிதான் உதவும். ஆழமும் முக்கியம். மூடி போட்டபின் கோத்த கைகளையோ வயிற்றையோ அது அழுத்தக் கூடாது. கைமேல் வேதாகமமோ ஜெபமாலையோ சிலுவையோ வைக்கப் போவதானால் அதற்கும் சேர்த்து ஆழம் கேளுங்கள்.

அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பெட்டி லிஃப்டில் போகாது. படிக்கட்டின் திருப்பத்தில் முட்டிக்கொள்ளும். உடலை வீட்டிலிருந்து ஸ்ட்ரெச்சரிலோ கெட்டியான துணியிலோ கீழே இறக்கி, தரைத்தளத்தில் வைத்துப் பெட்டிக்கு மாற்றுவதுதான் நடைமுறை. பெட்டியை மாடிக்கு ஏற்ற முயன்று, பிறகு அதைச் செங்குத்தாக நிமிர்த்தி இறக்கும் காட்சியை அந்தக் குடும்பம் மறக்காது.

மரமும் கைப்பிடியும்

பெட்டி செய்யத் தேக்கு, மகாகனி, சில்வர் ஓக், மலிவான நாட்டு மரங்கள், பிளைவுட் எனப் பலவும் பயன்படுகின்றன. மேலே தேக்கு நிற வார்னிஷோ தேக்குத் தோல் ஒட்டிய பிளைவுட்டோ இருந்தால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. அதைக் கண்டுபிடிக்க மூடியைத் திறந்து பலகையின் விளிம்பைப் பாருங்கள். பிளைவுட்டில் மெல்லிய அடுக்குகள் கோடுகோடாகத் தெரியும். முழு மரத்தில் மேல்பக்க ரேகை விளிம்பிலும் தொடர்ந்து ஓடும். விளிம்பையும் பூச்சால் மூடியிருந்தால், அடிப்பலகையின் கீழ்ப்பக்கத்தைப் பாருங்கள். அங்கே யாரும் பூச்சு அடிப்பதில்லை.

பிளைவுட் பெட்டி மட்டமானது என்று நான் சொல்ல மாட்டேன். முக்கால் அங்குலத் தேக்குப் பலகையில் செய்த ஆறடிப் பெட்டி 45 முதல் 50 கிலோ வரை வரும். அரை அங்குல பிளைவுட்டில் அதே பெட்டி 30 கிலோ அளவில் முடிந்துவிடும். 70 கிலோ எடையுள்ள ஒருவரை ஆறு பேர் தூக்குகிறார்கள் என்றால், தேக்குப் பெட்டியில் ஆளுக்கு 20 கிலோ விழுகிறது. தூக்குபவர்கள் ஐம்பது அறுபது வயதைக் கடந்த அண்ணன் தம்பிகள் என்றால், கோயில் வாசலிலிருந்து கல்லறை வரை நடப்பதற்குள் மூச்சு வாங்கும். வெளிநாட்டுப் பிள்ளைகள் வரும்வரை காத்திருந்து, ஊர் ஆட்களே இல்லாத தெருவில் நடக்கும் அடக்கங்களில் இது இன்னும் கடினம். யார் தூக்கப் போகிறார்கள் என்பதும் மரத்தைத் தீர்மானிக்க வேண்டும்.

கடையில் இருக்கும் பெட்டியை நின்றபடி பார்த்துவிட்டு வராமல், உடன் வந்தவரைக் கூட்டிக்கொண்டு ஆளுக்கு ஒரு பக்கம் கைப்பிடியைப் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். பல பெட்டிகளில் பித்தளை போலப் பளபளக்கும் கைப்பிடி வெறும் அலங்காரம். அரை அங்குலத் திருகாணி நான்கில் தொங்கிக்கொண்டிருக்கும். துணியை விலக்கி உட்புறத்தைப் பாருங்கள். போல்ட் பலகையைத் துளைத்து உள்ளே வந்து, வாஷரும் நட்டும் போட்டு முடுக்கியிருந்தால் அந்தக் கைப்பிடி எடையைத் தாங்கும். உள்ளே ஒன்றுமே தெரியாவிட்டால், பெட்டியைக் கைப்பிடியில் தூக்காமல் அடியில் கை கொடுத்துத் தோளில்தான் சுமக்க வேண்டும் என்று ஆட்களிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

பிறகு பெட்டியைக் கவிழ்த்துப் பாருங்கள். அடிப்பலகைக்குக் கீழே குறுக்குச் சட்டங்கள் குறைந்தது மூன்றாவது இருக்க வேண்டும். தோளுக்கும் இடுப்புக்கும் நேராக வருவதுதான் முக்கியம். எடை அங்கேதான் அமர்கிறது. அடிப்பலகை வெறும் ஆணியில் நிற்கிறதா, திருகாணியில் நிற்கிறதா என்று பாருங்கள். கீழ்நோக்கி அழுத்தும் எடை ஆணியை எளிதில் பிடுங்கிவிடும். சட்டங்கள் தரையிலிருந்து பெட்டியைச் சற்று உயர்த்துவதால், குழிக்குள் இறக்கியபின் கயிற்றை உருவி எடுக்கவும் வழி கிடைக்கிறது. கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். கவிழ்த்துக் காட்ட மறுக்கும் கடையில் வாங்க வேண்டியதில்லை.

உட்துணியைப் பொறுத்தவரை வெள்ளை சாட்டினும் லேசும் வழக்கமானவை. அதற்கு அடியில் என்ன இருக்கிறது என்பதைத்தான் கேட்க வேண்டும். ஃப்ரீசர் பாக்ஸில் ஒரு நாளோ இரண்டு நாளோ வைத்திருந்த உடலை வெளியே எடுத்தால், காற்றின் ஈரம் அதன்மேல் நீராகப் படியும். பிரேதப் பரிசோதனை முடிந்த உடலில் கசிவும் இருக்கலாம். துணிக்குக் கீழே பஞ்சும், அடிப்பாகத்தில் மட்டும் ஒரு நீர் புகாத விரிப்பும் இருந்தால் ஆராதனை முடியும்வரை மேல்துணி சுத்தமாக இருக்கும். மூடி ஒரே பலகையாக இருக்கலாம், அல்லது மார்புக்கு மேல் தனியாகத் திறக்கும்படி இருக்கலாம். நம் ஊரில் கடைசி நிமிடம்வரை எல்லோரும் முகம் பார்க்க வருவதால் இரண்டு பகுதி மூடி வசதியானது. கண்ணாடி வைத்த மூடி பார்வைக்கு நன்றாக இருக்கும், ஆனால் உள்ளே ஆவி படிந்து முகம் தெரியாமல் போவதுண்டு. முத்தமிட வரும் உறவினருக்கும் அது தடை.

பெயர்ப்பலகையில் எழுத வேண்டியதை வாயால் சொல்லாமல் எழுதிக் கொடுங்கள். திருமுழுக்குப் பெயரா, ஊரில் அழைத்த பெயரா, பிறந்த தேதி எது என்பதை வீட்டில் மூத்தவர் ஒருவரிடம் காட்டி உறுதி செய்துகொள்ளுங்கள். தேதி பிழையாக ஒட்டப்பட்ட பெட்டியைக் கோயிலில் அத்தனை பேரும் பார்ப்பார்கள்.

விலை

விலை பேசுவதற்குத் துக்கத்தில் நேரடியாக இருக்கும் மகனையோ மகளையோ கூட்டிக்கொண்டு போகாதீர்கள். உயர்ந்த பெட்டியை வேண்டாம் என்று சொல்ல அவர்களால் முடியாது. கடைக்காரருக்கும் அது தெரியும். பெட்டி, உட்துணி, பெயர்ப்பலகை, ஃப்ரீசர் பாக்ஸ் வாடகை, வண்டி, தூக்கும் ஆட்கள், பூ ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனித்தனித் தொகை கேட்டு எழுதி வாங்குங்கள். ‘எல்லாம் சேர்த்து ஒரே தொகை’ என்பதில் எது மலிவானது, எது ஏற்றி வைக்கப்பட்டது என்று தெரியாது. பிணவறை வாசலில் எண் கொடுத்தவருக்குப் போகும் கமிஷனும் அந்த ஒரே தொகைக்குள்தான் இருக்கும். இன்னொரு கடைக்கு ஒரு தொலைபேசி அழைப்பு செய்தாலே பேச்சின் தொனி மாறிவிடும். பெட்டி விலையில் குறைத்து, வந்தவர்களுக்குக் குடிநீருக்கும் நிழலுக்கும் செலவழித்தவர்களை ஊர் ஒரு குறையும் சொன்னதில்லை.

வெளிநாட்டிலிருந்து வரும் பெட்டி

வளைகுடா நாடுகளிலிருந்து சென்னைக்கோ திருச்சிக்கோ வரும் உடல், கெடாமலிருக்க மருந்தேற்றி எம்பாமிங் செய்யப்பட்டு, காற்றுப் புகாமல் அடைத்த பெட்டியில், விமானச் சரக்காக வருகிறது. அந்தப் பெட்டியை நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது. அது நம் ஊர்ப் பெட்டியைவிடப் பெரிது; உடலோடு சேர்ந்து எளிதில் 100 கிலோவைத் தாண்டும். அனுப்புகிறவரிடமிருந்து அதன் வெளியளவை முந்தின நாளே வாங்கி, ஆம்புலன்ஸின் நீளத்துக்கும் குழியின் அளவுக்கும் ஒத்துப் பாருங்கள். அதே பெட்டியில் அடக்கம் செய்வதா, உள்ளூர்ப் பெட்டிக்கு மாற்றுவதா என்பது கல்லறை விதியையும் உடலின் நிலையையும் பொறுத்தது. உடன் வரும் எம்பாமிங் சான்றையும் இறப்புச் சான்றையும் மருத்துவர் ஒருவரிடம் காட்டி, அவர் சொல்வதைக் கேட்ட பிறகே திறக்க வேண்டும்.

அஸ்திக் கலயம்

எரியூட்டும் குடும்பங்களில் பெட்டிக்கு இடமில்லை. பெட்டியில் வைத்திருந்த உடலை எரிவாயு அல்லது மின் மயானத்துக்குக் கொண்டு போனால், கண்ணாடி, உலோகக் கைப்பிடி, ரெக்ஸின், பிளாஸ்டிக் ஆகியவற்றோடு உலைக்குள் விட மாட்டார்கள். உடலை மட்டும் எடுத்து வைப்பார்கள். உடலுக்குள் பேஸ்மேக்கர் இருந்தால் மயானத்துக்குப் போகும் முன்பே மருத்துவமனையில் சொல்லி அதை எடுத்துவிட வேண்டும், அது உலையில் வெடிக்கும்.

கலயத்தின் அளவு, அஸ்தி எங்கே எடுக்கப்படுகிறது என்பதைப் பொறுத்தது. விறகுச் சிதையில் எரித்தால் பெரும்பாலும் மறுநாள் சஞ்சயனம் என்ற அஸ்தி எடுக்கும் சடங்கில் பால் தெளித்து, கால் முதல் தலை வரை சில எலும்புகளை மட்டும் பொறுக்கி எடுப்பார்கள். மற்றதை அங்கேயே விட்டுவிடுவார்கள். எரிவாயு மயானங்களில் ஓரிரு மணி நேரத்திலேயே எலும்புத் துண்டுகளைக் கொடுத்துவிடுகிறார்கள், பொடியாக்குவதில்லை. இரண்டுக்கும் இரண்டு லிட்டர் கொள்ளும் மண் கலயம் போதும். ஆனால் லண்டனிலோ டொராண்டோவிலோ எரியூட்டினால் முழுச் சாம்பலும் அரைத்துப் பொடியாக உங்கள் கைக்கு வரும். வளர்ந்தவர் ஒருவரின் சாம்பல் இரண்டு முதல் மூன்று கிலோ இருக்கும். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 36 மில்லி என்று கணக்கு வைத்தால், 70 கிலோ எடையுள்ளவருக்கு இரண்டரை லிட்டர் ஆகிறது. அதனால்தான் அங்கே விற்கும் கலசங்களின் வழக்கமான கொள்ளளவு சுமார் மூன்றே கால் லிட்டர். வீட்டிலிருக்கும் பித்தளைச் சொம்பை எடுத்துக்கொண்டு போனால் பாதிகூடக் கொள்ளாது. கொள்ளளவு தெரியாத கலசத்தை அரிசி அளந்து கொட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

மண் கலயம் வாங்கும்போது விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். கணீரென்று ஒலித்தால் நன்கு வெந்தது; ‘டப்’ என்று அடங்கினால் எங்கோ விரிசல் இருக்கிறது. நீர் ஊற்றிக் கால் மணி நேரம் வைத்து, வெளிப்புறத்தில் ஈரக் கோடு தெரிகிறதா என்று பார்த்தால் இன்னும் உறுதி. வாய், கை நுழையும் அளவுக்கு அகன்றிருக்க வேண்டும். குறுகிய வாயில் எலும்பை மேலிருந்து போட நேரும், அந்த ஓசையைக் கேட்க யாருக்கும் மனம் வராது. கழுத்து சற்று உள்வாங்கி, மேலே விளிம்பு மடங்கியிருக்க வேண்டும். வெள்ளைத் துணியால் மூடிக் கட்டும் கயிறு நழுவாமல் நிற்பது அந்தக் கழுத்தில்தான். தமிழரின் கலயம் இவ்வளவு சிறிதாக இருந்ததில்லை என்பதை ஆதிச்சநல்லூரில் கிடைத்த முதுமக்கள் தாழிகளைப் பார்த்தவர்கள் அறிவார்கள். அவற்றில் ஆளையே உட்கார வைக்கலாம்.

உலையிலிருந்து வந்த எலும்பு வெளியே சாம்பல் பூத்து ஆறியதுபோலத் தெரிந்தாலும் உள்ளே கனன்றுகொண்டிருக்கும். அதை அப்படியே மெல்லிய கலயத்தில் போட்டால் கலயம் வெடிக்கும். பிளாஸ்டிக் டப்பா உருகும். கட்டிய துணி கருகும். ஊழியரிடம் சொல்லி, ஆறும்வரை தட்டிலேயே பரப்பி வைக்கச் சொல்லுங்கள். பாலும் நீரும் தெளிப்பது சடங்காக இருந்தாலும் அந்த நேரத்தில் அது பயன்படுகிறது. பிறகு கலயத்தின் வெளிப்புறத்தைப் புறங்கையால் தொட்டுப் பார்த்துவிட்டுத் துணியைக் கட்டுங்கள்.

அன்றே கரைப்பதானால் மண் கலயத்துக்கு மேல் எதுவும் வேண்டாம். சில நாள் தள்ளிப் போனால் எங்கே வைப்பது என்ற கேள்வி வரும். அஸ்தியை வீட்டுக்குள் கொண்டுவராத குடும்பங்கள் மயானத்திலேயே கேட்டு வைத்துவிடுகின்றன, அல்லது வெளியே மரத்தில் கட்டித் தொங்க விடுகின்றன. தொங்க விடுவதானால் உறி போலக் கயிறு பின்னி, கலயத்தின் அடியையும் சேர்த்துத் தாங்கும்படி கட்ட வேண்டும். கழுத்தில் மட்டும் கட்டிய கயிறு மழையில் நனைந்து நழுவும்.

காசிக்கோ கயாவுக்கோ கொண்டு போவதானால் மூடி திருகும் பித்தளை, செம்புக் கலசங்கள் ரயிலுக்கு ஏற்றவை. இடித்தாலும் உடையாது. விமானத்தில் கையோடு எடுத்துச் செல்வதானால் அதே கலசம் தொல்லை தரும். தடித்த உலோகத்தையும் கல்லையும் எக்ஸ்ரே ஊடுருவிக் காட்டாது. உள்ளே இருப்பது தெரியாவிட்டால் பாதுகாப்பு ஊழியர் அனுப்ப மாட்டார், திறக்கச் சொல்லும் நிலையும் வரலாம். மெல்லிய மரப் பெட்டியோ கெட்டி அட்டைப் பெட்டியோ துணிப்பையோ சிக்கலின்றிப் போய்விடும். பித்தளைக் கலசம்தான் வேண்டும் என்றால் அதைக் காலியாகச் செக்-இன் பையில் வைத்து, இறங்கிய பிறகு மாற்றிக்கொள்ளலாம்.

கரைக்கும் இடமும் கலயத்தைத் தீர்மானிக்கிறது. ராமேஸ்வரம் அக்னி தீர்த்தத்திலும் கன்னியாகுமரியிலும் பெசன்ட் நகர்க் கடற்கரையிலும் கலயத்தோடு கரையிலிருந்து வீசினால் அலை அதைத் திருப்பிக் கொண்டுவந்து காலடியில் போடும். கலயத்தை நீருக்குள் சாய்த்து அஸ்தியை முதலில் கரைத்துவிட்டு, வெறும் மண் கலயத்தைப் பிறகு விடுவதே முறை. சுடாத பச்சை மண்ணில் செய்த கலயம் கிடைத்தால் அது நீரில் கரைந்தே போகும். ஆனால் சூடான எலும்புக்கும் நீண்ட பயணத்துக்கும் அது ஆகாது. உலோகக் கலசத்தையும் பிளாஸ்டிக்கையும் நீரில் விடாமல் கழுவித் திரும்பக் கொண்டுவந்துவிடுங்கள். பவானி கூடுதுறைக்கோ ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்துக்கோ போகிறவர்கள் காவிரியில் நீர் ஓடுகிறதா என்று விசாரித்துப் போவது நல்லது. மேட்டூர் அணையைப் பாசனத்துக்குத் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. அதற்கு முந்தைய கோடையில் ஆற்றில் கணுக்காலளவு நீரே இருக்கலாம்.

கத்தோலிக்கக் குடும்பங்களில் எரியூட்டலைத் தேர்ந்தெடுப்பவர்கள் வேறொரு விதியைக் கவனிக்க வேண்டும். திருச்சபை 1963-லேயே எரியூட்டலுக்கு இசைவு தந்துவிட்டது. ஆனால் 2016-இல் வத்திக்கான் வெளியிட்ட அறிவுரை, சாம்பலைக் காற்றிலோ நீரிலோ தூவுவதையும் உறவினர் பங்கிட்டுக்கொள்வதையும் விலக்கி, கல்லறையிலோ கோயிலோடு சேர்ந்த புனித இடத்திலோ வைக்கச் சொல்கிறது. மிகச் சிறு பகுதியை மட்டும் இறந்தவருக்கு முக்கியமான ஓர் இடத்தில் வைக்கும் வேண்டுகோளைத் திருச்சபை அதிகாரி பரிசீலிக்கலாம் என்று 2023 டிசம்பரில் விளக்கம் வந்தது. ஆகவே இவர்களுக்குக் கரையும் கலயம் பொருந்தாது. மூடி இறுக்கமாக அடையும் மரக் கலசமோ உலோகக் கலசமோ பளிங்குக் கலசமோ வேண்டும். அதை வைக்கும் மாடத்தின் உயரம், அகலம், ஆழம் மூன்றையும் அளந்துகொண்டு போங்கள். பூ வேலைப்பாடு செய்த உயரமான மூடி பல மாடங்களில் இடிக்கிறது.

கலயத்தை வாங்கும்போதே மயானத்தில் கொடுக்கும் ரசீதையும் பத்திரப்படுத்துங்கள். இறப்பை 21 நாள்களுக்குள் பதிவு செய்ய அது தேவைப்படும். விமான நிலையத்தில் கேட்டால் காட்ட எரியூட்டியதற்கான சான்றும் இறப்புச் சான்றும் வேண்டும். மூலப் பிரதிகளை வீட்டில் வைத்துவிட்டு நகலோடு போகாமல், பயணத்தின்போது மூலத்தையும் இரண்டு நகல்களையும் கலயம் இருக்கும் அதே பையின் வெளி உறையில் வையுங்கள். கலயத்தின் மேலும் இறந்தவரின் பெயரையும் எரியூட்டிய தேதியையும் எழுதி ஒட்டிவிடுங்கள்.